ஹீட்டருக்காக ஏசியைக் கழற்றிய கதை

சேலத்தில் காரிலிருந்து ஏசியைக் கழற்றப் போகிறேன் என்று சொன்னால் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் குரலைத் தாழ்த்தி ஏதாவது பணக் கஷ்டமா என்று கேட்பார்கள். எனக்கு இரண்டும் நடந்தது, அதுவும் ஒரே டீக்கடையில், ஒரு டீ குடித்து முடிப்பதற்குள். சித்திரை வெயிலில் அஸ்தம்பட்டி சிக்னலில் இரண்டு நிமிடம் நின்றவனுக்கு ஏசி இல்லாத கார் என்றால் என்னவென்று தெரியும், அதனால் சிரித்தவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் என் கார் இப்போது சேலத்தில் இல்லை. மூன்று வருடமாக மேலே ஏற்காட்டில், நாகலூர் ரோட்டுப் பக்கம் எங்கள் ஓட்டு வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் நிற்கிறது. வாரத்தில் ஒரு நாள், மிஞ்சிப்போனால் இரண்டு நாள் கீழே இறங்கும். மீதி நாளெல்லாம் அதற்கு வேண்டியது குளிர் இல்லை, சூடு.

கார் 1998 மாடல். கார்பரேட்டர் வண்டி, ஒரு லிட்டருக்கு ஏழு சிசி குறைவான எஞ்சின். பெயரைச் சொல்லவில்லை, விஷயம் தெரிந்தவர்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். 2006இல் இரண்டாம் கையாக வாங்கினேன். சூரமங்கலத்தில் இருந்த காலமெல்லாம் அந்த ஏசி உழைத்த உழைப்புக்கு அதைக் குறை சொல்லவே கூடாது. அங்கே இருந்த வரை ஹீட்டர் லீவரை ஒருமுறைகூட நான் தொட்டதில்லை. சேலத்தில் கார் வைத்திருக்கும் எத்தனை பேர் தொட்டிருப்பார்கள்? டேஷ்போர்டில் சிவப்பாக ஒரு கோடு இருக்கும், குழந்தைகள் விளையாடும், அவ்வளவுதான்.

மேலே வந்த முதல் மார்கழியிலேயே அந்தச் சிவப்புக் கோட்டின் அருமை தெரிந்துவிட்டது. காப்பிப் பழம் பறிக்கும் காலம், ஆட்களைக் கூட்டிவர விடியுமுன் கிளம்ப வேண்டும். வெளியே 13 டிகிரி, பனிமூட்டம், காருக்குள் நாலு பேர் மூச்சு. முன் கண்ணாடி ஐந்தே நிமிடத்தில் பால் ஊற்றியது போல ஆகிவிடும். என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து துண்டால் துடைத்துக்கொண்டே வருவாள், அவள் துடைத்த இடம் வழியாக நான் ஓட்டுவேன். ஹீட்டரைத் திறந்து புளோயரை நாலில் வைத்தால் சத்தம் மட்டும் விமானம் மாதிரி வரும், காற்று என்னவோ கிழவன் பெருமூச்சு. கூடவே ஒரு நாற்றம், மழையில் நனைந்த கோணிச்சாக்கை மூலையில் போட்டு மறந்துவிட்டால் வருமே, அது.

ஹீட்டர் காயில்தான் போய்விட்டது என்று நினைத்தேன். தப்பு. அந்த வருடமே ஏசியில் கேஸ் நிற்காமல் போனதும், ஹீட்டரில் காற்று வராமல் போனதும் இரண்டு வேறு நோய்கள் என்று நினைத்தது அதைவிடப் பெரிய தப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குளோவ் பாக்ஸைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். இடது ஓரத்தில் புளோயர், அதை ஒட்டிக் கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி, அதற்குள் ஏசியின் கூலிங் காயில், அதற்கும் அடுத்து நடுவில் ஹீட்டர் பெட்டி. மூன்றும் வரிசையாக ஒன்றோடு ஒன்று சொருகி நிற்கின்றன. புளோயர் தள்ளுகிற காற்று முதலில் கூலிங் காயிலைக் கடந்து, அப்புறம்தான் ஹீட்டர் காயிலுக்குப் போக முடியும். ஏசி போட்டாலும் போடாவிட்டாலும் பாதை இது ஒன்றுதான். அந்தக் காலத்துக் காரில் கேபின் ஃபில்டர் எதுவும் கிடையாது. ஆக, வெளியிலிருந்து வந்த சில்வர் ஓக் இலைத் துணுக்கு, காப்பித் தொலித் தூசி எல்லாம் ஈரமான கூலிங் காயிலின் மெல்லிய தகடுகளில் போய் அப்பிக்கொண்டு, அதன்மேல் எண்ணெய்ப் பிசுக்கு, கேஸ் கசிந்த இடத்திலிருந்து வந்தது, அதற்கும் மேல் ஒரு எலி பஞ்சு கொண்டுவந்து குடும்பம் நடத்தியிருக்கிறது. கம்பளி மாதிரி ஒரு படலம். அதைத் தாண்டித்தான் என் ஹீட்டருக்குக் காற்றுப் போக வேண்டும்!

அதாவது செத்துப்போன ஏசி உயிரோடிருக்கிற ஹீட்டரின் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், கழற்றிவிடலாம் என்று. மைலேஜுக்காக இல்லை, பாரம் குறைக்க இல்லை, ஹீட்டருக்காக.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் ஏசியை எடுத்தால் ஹீட்டரும் போய்விடும் என்றுதான் பாதிப் பேர் நினைக்கிறார்கள். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை, ஒரே காற்றுப் பாதையில் குடியிருக்கின்றன, அவ்வளவுதான். ஏசி என்பது எஞ்சின் பெல்ட்டில் சுற்றும் கம்ப்ரசர், ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டென்சர், ஒரு டிரையர் பாட்டில், எக்ஸ்பான்ஷன் வால்வு, உள்ளே இந்தக் கூலிங் காயில், இவற்றுக்குள் மூடிய வட்டமாகச் சுற்றும் கேஸ். ஹீட்டருக்கு இதில் எதுவும் வேண்டாம். எஞ்சினைக் குளிர்விக்கிற அதே சுடுதண்ணீர் இரண்டு ரப்பர் ஹோஸ் வழியாக உள்ளே வந்து, சின்ன ரேடியேட்டர் மாதிரி இருக்கிற ஹீட்டர் காயிலில் சுற்றிவிட்டுத் திரும்பிப் போகும். எப்படியும் வீணாகப் போகிற சூடு, இலவசம். இரண்டுக்கும் பொதுவாக இருப்பது புளோயர், பிளாஸ்டிக் பெட்டி, காற்றைத் திருப்புகிற மடிப்புக் கதவுகள், இவை மட்டும்தான். இந்தப் பொதுச் சொத்தில் கை வைக்காமல் ஏசியின் சொத்தை மட்டும் பிரித்து எடுக்க வேண்டும். பாகப்பிரிவினை மாதிரிதான், சுவரை இடித்துவிடாமல் பிரிக்கத் தெரிய வேண்டும்.

சேலத்தில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணனிடம் முதலில் கேட்டேன். புது கூலிங் காயில், டிரையர், கம்ப்ரசர் பேரிங், கேஸ் எல்லாம் சேர்த்து அவர் சொன்ன தொகை இருபதாயிரத்துக்கு மேல் போனது. காரே ஐம்பதுக்கு விலை போகுமா என்பது சந்தேகம். சரி, ஏசி வேண்டாம், எடுத்துவிடுங்கள், ஹீட்டர் மட்டும் ஓட வேண்டும் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஹீட்டர் உங்களுக்கு எதுக்குங்க தம்பி? அதுலதான் தண்ணி லீக்காகும். ரெண்டு ஹோஸையும் ஒண்ணா ஜாயின்ட் பண்ணி விட்டுர்றேன், ஒரு தொல்லையும் இருக்காது.”

இது அவருடைய குறை இல்லை. சமவெளியில் பத்து, பதினைந்து வருடம் ஓடின வண்டிகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கும் என்று அடித்துச் சொல்வேன். யாரும் கூலன்ட் ஊற்றுவதில்லை, போர் தண்ணீர்தான். உப்புப் படிந்து துருப்பிடித்து ஹீட்டர் காயில் ஒருநாள் ஓட்டுநர் காலடியில் ஒழுகும். உடனே ஹோஸை வெளியிலேயே வளைத்துச் சேர்த்துவிடுவார்கள், பிரச்சினை முடிந்தது. கீழே உட்கார்ந்து யோசித்தால் அது சரியான வைத்தியம். மேலே இருக்கிறவனுக்கு அது காலை வெட்டி முள்ளை எடுப்பது. “அண்ணா, நான் இப்ப ஏற்காட்ல இருக்கேங்க” என்று சொன்ன பிறகுதான் அவருக்குப் புரிந்தது. புரிந்தும், டேஷ்போர்டைப் பிரிக்கிற வேலை எனக்கு வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

கேஸை மட்டும் கீழேயே எடுத்தேன். கசிந்து போய்விட்டதே, இன்னும் என்ன இருக்கும் என்று பைப்பை ஸ்பானர் போட்டுத் திறப்பது முட்டாள்தனம். கூலிங் வராத சிஸ்டத்திலும் அழுத்தம் மிச்சம் இருக்கும். ஆர் 134ஏ கேஸ் வெளிக்காற்றில் மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கிறது, விரலில் பட்டால் தோல் உறைந்து கொப்புளிக்கும், கண்ணில் பட்டால் சொல்லவே வேண்டாம். அது தவிர, பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வீரியமானது. சின்ன காரில் அரைக் கிலோ வாக்கில்தான் இருக்கும், ஆனாலும் சும்மா ஊதிவிட மனசு வரவில்லை. கேஸை உறிஞ்சி எடுக்கிற மெஷின் வைத்திருக்கிற ஏசி கடை ஒன்றைத் தேடிப் பிடித்து, மிச்சம் மீதியை எடுக்கச் சொன்னேன். கடைக்காரர் கேஸ் நிரப்ப வந்த ஆள் என்று நினைத்துக் குஷியாக ஆரம்பித்து, விஷயம் தெரிந்ததும் அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விட்டார், பையன்தான் எடுத்துக் கொடுத்தான்.

மேலே ஒண்டிக்கடை பக்கம் ஜீப் வேலை பார்க்கிற ஒரு தம்பி இருக்கிறான். ஹீட்டர் வேண்டும் என்றால் ஏன் என்று கேட்காத முதல் மெக்கானிக். அவனும் நானும் சேர்ந்து ஒரு சனி, ஒரு ஞாயிறு.

பானெட்டுக்குக் கீழே வேலை சுலபம். என் காரில் கம்ப்ரசருக்குத் தனி பெல்ட், ஆல்டர்னேட்டருக்கும் வாட்டர் பம்புக்கும் வேறு பெல்ட். அதனால் கம்ப்ரசர் பெல்ட்டைத் தூக்கி எறிந்துவிட்டால் போதும். இப்போது வருகிற பல கார்களில் ஒரே நீளப் பெல்ட் எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு போகும், அதில் கம்ப்ரசரை எடுத்தால் அந்த இடத்தில் வெறும் புல்லி ஒன்று வைக்க வேண்டும், இல்லை கணக்குப் பார்த்துச் சின்ன பெல்ட் போட வேண்டும். பெல்ட் போகிற பாதையை எடுப்பதற்கு முன் போட்டோ பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்ரசரைத் தாங்கும் பிராக்கெட்டை எடுக்குமுன் அது வேறு எதையும் தாங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். எடுத்த பிறகு எஞ்சின் பிளாக்கில் திறந்து கிடக்கும் போல்ட் ஓட்டைகளில் பழைய போல்ட்டையே கிரீஸ் தடவி முடுக்கிவிட்டோம், துரு பிடிக்காது.

ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். ஏசியை அணைத்து வைத்திருந்தால் கம்ப்ரசரின் காந்தக் கிளட்ச் விட்டுவிடும், புல்லி மட்டும் சும்மா சுற்றும். அப்போது எஞ்சின் சக்தி ஒன்றும் பெரிதாகப் போகாது. ஏசியைக் கழற்றினால் மைலேஜ் கொட்டும் என்று சொல்கிறவர்களை நம்ப வேண்டாம், போடாமல் இருந்தாலே அதே மைலேஜ்தான். கூலிங் மட்டும் போச்சு, காற்று நன்றாக வருகிறது, பேரிங் சத்தம் இல்லை என்றால் எதையும் தொடாதீர்கள். பேரிங் கத்தினால் பெல்ட்டை மட்டும் எடுங்கள், அதோடு நில்லுங்கள். நான் முழுதாகப் பிரித்ததற்குக் காரணம் அந்த எலிக் கூடும் அடைப்பும்தான்.

ஆனால் கண்டென்சரை எடுத்ததில் எதிர்பாராத லாபம் ஒன்று கிடைத்தது. ரேடியேட்டருக்கு முன்னால் இத்தனை வருடச் சேறும் பூச்சியும் அப்பி, சல்லடை மாதிரி நின்றிருந்தது அது. அடிவாரத்திலிருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவு. சேலம் முந்நூறு மீட்டருக்குக் கீழே இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டர். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏழில் ஒரு பங்கு குறைந்துவிடும், எஞ்சினுக்கும் அந்த அளவு தெம்பு குறையும். ஐம்பது குதிரை சக்தி வண்டிக்கு இது பெரிய விஷயம். முன்பெல்லாம் பத்தாவது வளைவு தாண்டினால் டெம்பரேச்சர் முள் பாதிக்கு மேல் எட்டிப் பார்க்கும், ஏதாவது சுற்றுலா பஸ் பின்னால் மாட்டிக்கொண்டால் கேட்கவே வேண்டாம். இப்போது முள் அசைவதில்லை. அப்படியே அசைந்தாலும் ஹீட்டரை முழுதாகத் திறந்து கண்ணாடியை இறக்கிவிட்டால் எஞ்சினின் சூட்டில் ஒரு பங்கு உள்ளே வந்துவிடும். மலை ஓட்டுநர்களுக்குத் தெரிந்த பழைய வித்தை, நமக்கு வேர்த்துக் கொட்டும், கேஸ்கெட் பிழைக்கும். ஹோஸை ஜாயின்ட் போட்டிருந்தால் இந்த வித்தையும் போயிருக்கும்.

உள் வேலைதான் பொறுமையைச் சோதித்தது. டேஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டியிருக்கும் என்று பயந்தோம், குளோவ் பாக்ஸும் அதைத் தாங்கும் தகடும் எடுத்ததோடு வழி கிடைத்தது. எஞ்சின் பக்கமிருந்து ஃபயர்வால் (எஞ்சினுக்கும் நமக்கும் நடுவிலிருக்கும் தடுப்புத் தகடு) வழியாக உள்ளே வரும் இரண்டு அலுமினியப் பைப்பைக் கழற்றி, கூலிங் காயில் பெட்டியை அப்படியே வெளியே இழுத்தோம். பெட்டி இரண்டு பாதியாகக் கிளிப்பில் பிரிகிறது. உள்ளே இருந்ததை நான் விவரிக்கப் போவதில்லை. என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, “ஏங்க, இது வழியா வந்த காத்தையா இத்தனை நாள் மூச்சு விட்டோம்?” என்று கேட்டுவிட்டுப் போனாள், அன்று மதியம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். காயிலை எடுத்துவிட்டுப் பெட்டியையும் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அப்புறம் புளோயருக்கும் ஹீட்டர் பெட்டிக்கும் நடுவில் ஒரு சாண் காலி இடம், புளோயர் தள்ளுகிற காற்றெல்லாம் டேஷ்போர்டுக்குள் சிதறும், ஹீட்டருக்கு ஒன்றும் போய்ச் சேராது. ஏசி இல்லாமல் வந்த மாடல்களில் அந்த இடத்தில் வெறும் பிளாஸ்டிக் குழல் ஒன்று இருக்கும். பழைய சாமான் கடையில் அது கிடைத்தால் அதிர்ஷ்டம். எனக்குக் கிடைக்கவில்லை, தேவையும் படவில்லை. காலிப் பெட்டியையே சோப்புப் போட்டுக் கழுவி, ஒரு நாள் வெயிலில் காய வைத்து, இரண்டு பாதியையும் சேர்த்து மறுபடி அதே இடத்தில் மாட்டினோம். பைப் போன ஓட்டையைப் பிளாஸ்டிக் துண்டு வைத்து அடைத்தோம். சேரும் இடங்களில் இருந்த பழைய ஸ்பாஞ்ச் தொட்டாலே மாவாக உதிர்ந்தது, கதவுக்கு ஒட்டுகிற ரப்பர் ஃபோம் பட்டை வாங்கி ஒட்டினோம். காயில் உறையாமல் பார்த்துக்கொள்ள அதன் தகட்டில் சொருகியிருந்த சின்ன சென்சாரின் ஒயரைக் கழற்றி டேப் சுற்றி ஓரமாகக் கட்டியாயிற்று.

ஃபயர்வாலில் அந்தப் பைப்புகள் வந்த ஓட்டைகளை மட்டும் மறக்கவே கூடாது. எலிக்கு அது ராஜபாட்டை என்பது ஒருபக்கம். எஞ்சின் புகையும் அந்த வழியாகத்தான் உள்ளே வரும், குளிருக்காகக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகிற வண்டியில் அது விளையாட்டில்லை. தகடு வெட்டி, ரப்பர் வைத்து, சீலன்ட் பூசி அடைத்தோம். ஃபியூஸ் பெட்டியில் ஏசி என்று எழுதியிருப்பதைப் பிடுங்குமுன் புளோயரும் அதிலேயே ஓடுகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு சாயங்காலம் ஸ்டார்ட் செய்தால், எஞ்சின் பேய் பிடித்த மாதிரி ஏறி இறங்குகிறது. ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் விட்டால், நிற்கவே இல்லை. ஏசியைக் கழற்றினால் வேறெதுவும் கெடாது என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஒரு மணி நேரம் கழித்துத்தான் ‘உஸ்’ என்று சன்னமான சத்தம் காதில் விழுந்தது. கார்பரேட்டர் வண்டியில் ஏசி போடும்போது எஞ்சின் அணைந்துவிடாமல் ஐடிலைக் கொஞ்சம் உயர்த்த, எஞ்சின் காற்றை உறிஞ்சும் விசையில் (வாக்யூம்) இயங்கும் ஓர் ஏற்பாடு உண்டு. அதையும் ஏசியின் சொத்து என்று பிடுங்கிவிட்டு, எஞ்சினுக்குக் காற்றுப் போகும் மானிஃபோல்டுக் குழாயில் அந்த டியூப் வந்த மூக்கை மூடாமல் விட்டிருந்தோம். எஞ்சின் அந்த வழியாகத் திருட்டுக் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. சின்ன ரப்பர் மூடி ஒன்று போட்டதும் பசுமாடு மாதிரி நின்றது.

ஹீட்டரின் பக்கம் வருவோம். காற்று இப்போது அள்ளிக்கொண்டு வந்தது. ஆனால் சூடு? வெதுவெதுப்புதான். இரண்டு ஹோஸையும் கழற்றிக் குழாய்த் தண்ணீரைத் தலைகீழாகச் செலுத்தி ஹீட்டர் காயிலை அலசினோம். சேர்வராயன் மலை பாக்சைட் மண்ணைக் கரைத்தது போலச் செக்கச்செவேல் என்று வந்து, கால் மணி நேரம் கழித்துத்தான் தெளிந்தது. (மேட்டூர் அலுமினிய ஆலைக்கு ஒரு காலத்தில் இந்த மலையிலிருந்துதான் பாக்சைட் போனது. கழற்றின அலுமினியக் கண்டென்சரைப் பார்க்கும்போது இதுவும் இங்கிருந்து இறங்கி, சுற்றி வந்து, மறுபடி மலையேறி வந்த சரக்கோ என்று தோன்றியது.) அப்புறம் கூலன்ட் ஊற்றினோம். காயிலுக்குள் காற்று அடைத்துக்கொண்டு டேஷ்போர்டுக்குப் பின்னால் களக்களக் என்று சத்தம். இதற்கு வண்டியின் மூக்கு மேலே பார்க்கிற மாதிரி சரிவில் நிறுத்தி, எஞ்சின் ஆறியிருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் போட்டு ஓடவிட வேண்டும், குமிழி நிற்கிற வரை. கீழே இருக்கிறவர்கள் ஜாக்கியைத் தேடுவார்கள், எங்களுக்குச் சரிவுக்கா பஞ்சம்?

அப்படியும் காலை இறக்கத்தில் ஹீட்டர் ஆறிப்போனது. ஒண்டிக்கடைத் தம்பி தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய மூடியைத் திறந்து காட்டிச் சிரித்தான். உள்ளே ஒன்றுமில்லை, காலி. எப்போதோ, எந்தக் கோடையிலோ, வண்டி சூடாகிறது என்று யாரோ வால்வைப் பிடுங்கிப் போட்டிருக்கிறார்கள். இதுவும் சமவெளி வைத்தியம்தான். 82 டிகிரி வரும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் எஞ்சினுக்கும் ஹீட்டருக்கும் நடுவில் மட்டும் சுற்ற விடுவதுதான் அந்த வால்வின் வேலை. அது இல்லாவிட்டால் தண்ணீர் எப்போதும் ரேடியேட்டர் வழியாகவே ஓடிக் குளிர்ந்துகொண்டே இருக்கும். சேலம் வெயிலில் தெரியாது. மார்கழிக் காலையில், ஆக்சிலேட்டரைத் தொடாமல் இறங்குகிற மலைப்பாதையில், எஞ்சின் சூடே ஆகாது, பெட்ரோலும் கூடக் குடிக்கும். சில நூறு ரூபாய்ச் சாமான். அதை மாட்டிய அன்று, வீட்டிலிருந்து ஏரிக்கரை வருவதற்குள் முன் கண்ணாடி இரண்டு ஓரத்திலிருந்தும் தெளிந்துகொண்டே வந்தது. துண்டை மடித்துப் பின் சீட்டில் போட்டாள் மனைவி.

ஏசி இல்லாமல் கண்ணாடி தெளியுமா என்று கேட்பவர்களுக்கு. ஏசி காற்றை உலர்த்தித் தரும், அதனால் சீக்கிரம் தெளியும், உண்மைதான். ஆனால் 13 டிகிரியில் ஈரம் நிறைந்து நிற்கிற காற்றை 40 டிகிரிக்குச் சூடாக்கினாலே அதன் ஈரப்பதம் நூறிலிருந்து இருபது சதவீத வாக்கில் இறங்கிவிடும், அந்தக் காற்று கண்ணாடியில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். வெளிக்காற்றை இழுக்கும் பக்கம் லீவர் இருக்க வேண்டும், உள்காற்றையே சுற்றவிட்டால் நம் மூச்சு ஈரம்தான் திரும்பத் திரும்ப வரும். இந்த வைத்தியம் மலைக்கு மட்டும். ஐப்பசி மழையில் சேலத்துக்குள் போகும்போது கண்ணாடி மூடிக்கொண்டால் நான் தோற்றுத்தான் போகிறேன். வெளியே 26 டிகிரியில் யார் ஹீட்டர் போட்டுக்கொண்டு உட்காருவது? கண்ணாடியை ரெண்டு விரல் இறக்கி, தோள் நனைய ஓட்ட வேண்டியதுதான். இதை மறைத்து எழுதுவது நியாயமில்லை.

கழற்றிய சாமான்களைக் காப்பிக்கொட்டை நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்தேன், கம்ப்ரசர், பிராக்கெட், கண்டென்சர், அதன் ஃபேன், பைப்புகள், காயில் எல்லாம் சேர்த்து 17 கிலோ. கண்டென்சரும் காயிலும் பழைய இரும்புக் கடைக்குப் போயின. கம்ப்ரசரை மட்டும் ஏனோ கொடுக்க மனசு வரவில்லை, அது கொட்டகையில் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

டேஷ்போர்டில் ஏசி பட்டனை எடுக்கவில்லை, எடுத்தால் ஓட்டையாக அசிங்கமாக இருக்கும். அமுக்கினால் அதன் பச்சை விளக்கு இன்னும் எரிகிறது. போன மே மாதம் சேலத்தில் ஒரு கல்யாணம் முடிந்து அத்தையை எங்களோடு மேலே கூட்டி வந்தோம். பட்டுப்புடவை, உச்சி வெயில், முன் சீட். ஏறியதுமே அந்தப் பட்டனை அமுக்கிவிட்டார். கோரிமேடு தாண்டும்வரை என்னைப் பார்ப்பதும் பட்டனைப் பார்ப்பதுமாக வந்தார். மனைவி பின்னாலிருந்து என் தோளைக் கிள்ளினாள், நான் வாயைத் திறக்கவில்லை. பதினைந்தாவது வளைவுக்கு மேல், இரண்டு பக்கமும் மரநிழல் வந்ததும் அத்தை சேலைத் தலைப்பால் விசிறுவதை நிறுத்திவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார்.

“இப்பத்தான் மாப்பிள்ளை, ஏசி பிடிக்குது.”